லீவர் ரைஃபிளும் இரும்புக் கிடாயும்: முதல் சிலுவெட் போட்டி தந்த பாடங்கள்

லீவர் ரைஃபிள் என்பது, விசைக்குக் கீழுள்ள லீவரைக் கையால் இயக்கி அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கி. அதைக் கொண்டு ஆடும் சிலுவெட் (நிழலுருவ) போட்டியில் சுட வேண்டியவை நான்கு விலங்குகளின் இரும்பு உருவங்கள். 50 மீட்டரில் கோழி, 100 மீட்டரில் பன்றி, 150 மீட்டரில் வான்கோழி, 200 மீட்டரில் செம்மறிக் கிடாய் என்று அவை ஐந்தைந்தாக வரிசை கட்டி நிற்கின்றன. சுடுபவர் நின்றுகொண்டே சுட வேண்டும். மேசையோ, தாங்குகோலோ, தோள்வாரோ துணைக்குக் கிடையாது. ரைஃபிளின் மேல் தொலைநோக்கி பொருத்தவும் அனுமதியில்லை. குண்டு பட்டால் மட்டும் போதாது, உருவம் தன் தாங்கியிலிருந்து கீழே விழ வேண்டும். இடமிருந்து வலமாக, ஒரு குண்டுக்கு ஓர் உருவம் என்பது முறை. அந்த வரிசை மாறி விழுந்தது கணக்கில் சேராது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரை ஒட்டிய பாலை நிலத்தில் நடந்த இத்தகைய போட்டி ஒன்றில் முதன்முறையாகக் கலந்துகொண்டபோது கற்றவற்றை இங்கே எழுதுகிறேன். துப்பாக்கியைப் பற்றியும் தோட்டாவைப் பற்றியும் சொல்ல நிறையவே இருக்கிறது என்றாலும், புதிதாக வருபவர் எல்லாவற்றுக்கும் முன்னதாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: இது தனி ஒருவர் ஆடும் ஆட்டமாகத் தோன்றினாலும், உண்மையில் இருவர் சேர்ந்து ஆடுவது. சுடுபவருக்குப் பின்னால் தொலைநோக்கியுடன் நின்று, குண்டு எங்கே விழுந்தது என்று சொல்பவரை ஸ்பாட்டர் என்கிறார்கள். அவரோடு பேசிக்கொண்டே சுடுவதை விதிகளே அனுமதிக்கின்றன. அந்தப் பேச்சு எப்படி அமைகிறது என்பதைப் பொறுத்தே முதல் போட்டி பயனுள்ளதாகவும் அமையும், வீணாகவும் போகும்.

தமிழ் வாசகர்கள் பெரிதும் அறிந்த துப்பாக்கி சுடுதல், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பங்கேற்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் வகையாகத்தான் இருக்கும். அங்கே இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. உடலை அசையவிடாமல் தாங்கும் விறைப்பான மேலாடையும் காலணியும் அணிந்து, மூடிய அரங்கில் சுடுகிறார்கள். சிலுவெட் போட்டியில் அத்தகைய மேலாடைக்கு இடமில்லை. வெயிலிலும் காற்றிலும், அன்றாடம் உடுத்தும் சட்டையோடு நின்று சுட வேண்டும். இலக்கு பெரியதுதான், ஆனால் உடலின் ஆட்டமும் காற்றின் தள்ளலும் அதைவிடப் பெரியவை.

இந்த விளையாட்டு மெக்சிகோவில் பிறந்தது. தொடக்கத்தில் உயிருள்ள கோழியையும் வான்கோழியையும் ஆட்டையும் தொலைவில் கட்டி வைத்துச் சுட்டார்கள். அந்தக் கொடுமைக்கு மாற்றாக, 1948இல் மெக்சிகோ நகரில் இரும்புத் தகட்டில் வெட்டிய உருவங்கள் வந்தன. டான் கொன்சாலோ அகிலார் என்பவர் அதற்கு முன்கை எடுத்தவராகக் குறிப்பிடப்படுகிறார். அங்கிருந்து எல்லை தாண்டி 1960களின் பிற்பகுதியில் அரிசோனாவுக்கு வந்த ஆட்டம், அடுத்த பத்தாண்டில் அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் இடம்பெற்றது. உயர்திறன் ரைஃபிளுக்கான மூல வடிவத்தில் கிடாய் 500 மீட்டரில் நிற்கும். லீவர் ரைஃபிளுக்காகத் தொலைவுகளைச் சுருக்கி வகுத்த பிரிவு பின்னர் வந்தது. வரிசையில் இரண்டாவதாக நிற்கும் பன்றி, அதே பாலையில் கள்ளிப் புதர்களுக்கிடையே திரியும் ஹாவலீனா என்னும் காட்டு விலங்கின் வடிவம். ஊரைச் சுற்றிலும் தாம் காணும் விலங்கின் உருவத்தையே களத்திலும் பார்ப்பதால், டூசான்வாசிகளுக்கு இந்த ஆட்டத்தின்மீது தனிப்பற்று இருப்பதில் வியப்பில்லை.

துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் வாழும் தமிழர்களில் பலர் எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் இருக்கிறார்கள். அத்தகைய விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. நடப்பிலுள்ள மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகளே உண்டு. நண்பரின் ரைஃபிளைச் சுடுதளத்தில் சற்று நேரம் வாங்கிச் சுடுவதுகூட இந்தத் தடைக்குள் வரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மீறினால் அது சாதாரண அபராதத்தோடு முடியும் குற்றமன்று. குடியேற்ற நிலையையே குலைத்துவிடும். நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. எனக்கு அந்த அட்டை கிடைத்த பிறகே நான் இதில் இறங்கினேன். ஐயம் உள்ளவர்கள் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பின்பே சுடுதளத்துக்குள் கால் வைக்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

ரைஃபிளுக்கு வருவோம். களத்தில் மிகுதியாகக் காணப்படுபவை இரண்டு: ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894, 1948இல் வெளிவந்த மார்லின் 336. இரண்டுக்கும் பொதுவான தோட்டா .30-30. புகையற்ற வெடிமருந்தைக் கொண்டு 1895இல் விற்பனைக்கு வந்த இந்தத் தோட்டா, இன்றும் சிற்றூர்க் கடைகளில்கூடக் கிடைக்கிறது. வின்செஸ்டர் வெற்றுத் தோட்டாவை மேல்நோக்கி எறியும். மார்லின் பக்கவாட்டில் எறியும். மார்லினின் மேற்புறம் மூடியிருப்பதால், குறிபார்க்க உதவும் பின் குறிகாட்டியைக் கண்ணுக்கு அருகில் பொருத்துவது எளிது. என் கையில் இருந்தது மார்லின். அதில் தொழிற்சாலை வைத்துத் தரும் பிளவு வடிவப் பின் குறிகாட்டியைக் கழற்றிவிட்டு, லைமன், வில்லியம்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்யும் துளைக் குறிகாட்டியைப் பொருத்திக்கொள்வது முதல் செலவாக இருக்கட்டும். வயது நாற்பதைத் தாண்டிய கண்ணுக்குப் பிளவும் முனையும் இலக்கும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவதில்லை. துளை வழியே பார்க்கும்போது கண் தானாகவே நடுவுக்கு வந்துவிடும். குழலின் நுனியில் நிற்கும் முன் குறிகாட்டியை, அதாவது முன்முனையை, மட்டும் கவனித்தால் போதும்.

துளைக் குறிகாட்டியில் உயரத்தை மாற்றும் திருகு இருப்பது மற்றொரு பெரிய நன்மை. .30-30 தோட்டாவில் 170 கிரெய்ன் (ஏறத்தாழ 11 கிராம்) எடையுள்ள குண்டு, குழலை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 670 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. மூக்கு தட்டையானது என்பதால் அந்த வேகம் விரைவில் குறைந்துவிடும். 100 மீட்டருக்குச் சரிசெய்த ரைஃபிள், 200 மீட்டரில் ஒரு சாணுக்கு மேல் தாழ்வாகச் சுடும். ஆகவே நான்கு தொலைவுகளுக்கும் திருகை எத்தனை சொடுக்கு திருப்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே காகித இலக்கில் சுட்டுக் கண்டுபிடித்து, ஒரு சீட்டில் எழுதிப் பின்கட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். போட்டி நேரத்தில் மனக்கணக்கு உதவாது. குண்டின் மூக்கு தட்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு: லீவர் ரைஃபிளின் மேகசீன் குழலுக்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும், ஒன்றின் மூக்கு முன்னதன் அடியிலுள்ள, வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் முட்டிக்கொண்டிருக்கும். கூர்மூக்குக் குண்டாக இருந்தால் அதிர்ச்சியில் வெடிக்கும் அபாயம் உண்டு. குழாய் மேகசீனுக்கென்று செய்யப்பட்ட தோட்டாவைத் தவிர வேறெதையும் இதில் போடக் கூடாது. எஃகு உட்கரு உள்ள குண்டுகள் இரும்பு உருவங்களைக் குழி விழச் செய்வதால், அவற்றைக் களத்துக்கே கொண்டுவரக் கூடாது.

களத்தில் சுடாத நேரத்தில் ரைஃபிள்கள் லீவரைத் திறந்த நிலையில், தோட்டா அறையில் வண்ணக் கொடி செருகப்பட்டு, தாங்கியில் வரிசையாக நிற்கும். இலக்குகளை நிறுத்த ஆட்கள் முன்னால் சென்றிருக்கும்போது எவரும் துப்பாக்கி அருகில் போவதில்லை, தொடுவதில்லை, குனிந்து பார்ப்பதுகூட இல்லை. கட்டளை வந்த பிறகே ஐந்து தோட்டாக்களை நிரப்பலாம். ‘ரெடி’ என்றதும் ரைஃபிளைத் தோளுக்கு உயர்த்தலாம். ‘ஃபயர்’ என்றதும் சுடலாம். ‘சீஸ் ஃபயர்’ என்றால் விசையில் விரல் இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். குழாய் மேகசீனில் ஒரு தோட்டா ஒளிந்திருக்கக் கூடும் என்பதால், முடிந்ததும் லீவரைப் பலமுறை இயக்கி, தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்ப்பது வழக்கம். நானே பார்த்துவிட்டேன் என்பதை ஏற்றுக்கொண்டு நகராமல், பக்கத்தில் நின்றவரும் பார்த்துத் தலையசைத்த பிறகே கொடியைச் செருகச் சொன்னார்கள். அந்த ஒழுங்கு என் மனத்துக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

என் ஸ்பாட்டர் செப்புச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். புதியவர் என்று தெரிந்ததும் தாமாகவே முன்வந்து என் பின்னால் நின்றார். சுடத் தொடங்குவதற்கு முன் அவர் என்னிடம் செய்துகொண்ட உடன்பாடுதான் இந்தக் கட்டுரை முழுவதிலும் மிகப் பயனுள்ள செய்தி என்று கருதுகிறேன். ஒவ்வொரு குண்டும் புறப்பட்டவுடன், முன்முனை அந்தக் கணத்தில் எங்கே இருந்தது என்பதை முதலில் நான் சொல்ல வேண்டும். அதன் பிறகே குண்டு உண்மையில் எங்கே விழுந்தது என்பதை அவர் சொல்வார். “கொஞ்சம் இடப்பக்கம் பிடி” என்பது போன்ற யோசனை எதையும் அவர் சொல்ல மாட்டார். அளவும் இலக்கை வைத்தே சொல்லப்படும்: “முதுகுக்கு மேலே, அரைக் கோழி உயரம்”, “வால் பக்கம், ஓர் உடல் அகலம்” என்று.

நான் சொல்வதும் அவர் காண்பதும் ஒத்துப்போனால் தவறு என் நிலையில் இருக்கிறது. குறிகாட்டியைத் தொடக் கூடாது. நான் ‘நடுவில்’ என்று சொல்லி, குண்டு வேறிடத்தில் விழுந்தால், குறிகாட்டியையோ காற்றையோ சந்தேகிக்கலாம். இந்த ஒரு பிரிவினை இல்லாவிட்டால், சுடுபவர் தன் உடல் ஆட்டத்தைத் திருகின் குறையாக எண்ணி, ஒவ்வொரு தவறலுக்கும் திருகைத் திருப்பிக்கொண்டே போவார்; பிறகு எது எதனால் என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. முன்முனை எங்கே இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இன்னொன்றையும் செய்கிறது. குண்டு புறப்பட்ட பின்னும் கண் முன்முனையிலேயே நிலைத்திருக்கும். கோழி விழுந்ததா என்று தலையைத் தூக்கிப் பார்க்கும் ஆசை அடங்கும். தலை தூக்கும் பழக்கம் எத்தனை குண்டுகளைத் தாழ்த்திவிடுகிறது என்பதை, பக்கத்து வரிசைகளைச் சற்றுக் கவனித்தாலே கண்டுகொள்ளலாம்.

50 மீட்டரில் நின்ற கோழிகள் இதைக் கற்க ஏற்றவை. நின்ற நிலையில் ரைஃபிள் அசையாமல் நிற்கவே நிற்காது. முன்முனை கோழியின் மேல் எட்டுப் போட்டபடி அலையும். அது நடுவைக் கடக்கும் நொடியில் விசையைச் சட்டென இழுத்தால், அந்த இழுப்பே குழலைத் திருப்பிவிடும். அலைவை ஏற்றுக்கொண்டு, முனை உருவத்துக்குள் உலவும்போது விசையின்மேல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், வெளியே போனால் அழுத்தத்தை அப்படியே நிறுத்திவைத்து, திரும்பி வந்ததும் தொடர வேண்டும். ஐந்து குண்டுக்கும் சேர்த்துக் கிடைக்கும் நேரத்தில் ஒன்றுக்கு ஏறத்தாழ அரை நிமிடம் வரும். அது போதுமான நேரம். ஏழெட்டு நொடிக்குள் குண்டு புறப்படாவிட்டால், ரைஃபிளை இறக்கி ஒரு மூச்சு விட்டு மறுபடி ஏந்துவதே நல்லது. நீண்ட நேரம் பிடித்திருந்தால் கண்ணும் தோளும் ஒருசேரக் களைத்துவிடும்.

கால்களின் நிலையை அதற்கும் முன்பே சரிசெய்ய வேண்டும். ரைஃபிளைத் தோளில் வைத்து, கண்ணை மூடி, உடலைத் தளரவிட்டு, மறுபடி கண்ணைத் திறக்கும்போது முனை எங்கே நிற்கிறதோ அதுவே உடல் இயல்பாகச் சுட விரும்பும் இடம். அது இலக்குக்கு வலப்பக்கமாக இருந்தால், கையால் இழுக்காமல் பின்னங்காலை நகர்த்த வேண்டும். ஐந்து உருவங்களும் பக்கவாட்டில் பரவி நிற்பதால், ஒவ்வொன்றுக்கும் பாதத்தைச் சிறிதளவு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இடது முழங்கையை விலா எலும்போடு ஒட்டிக்கொள்வது எனக்கு உதவியது. குழாய் மேகசீன் காலியாகக் காலியாக ரைஃபிளின் முன்பாரம் குறைவதையும் கவனித்தேன். ஐந்தாவது குண்டுக்கு முன்முனை சற்றுத் துடிப்பாக அலையும். லீவரைக் கடைசிவரை முழுமையாக இயக்குவதும் முக்கியம். பாதியில் திரும்பினால் தோட்டா சிக்கிக்கொள்ளும். ஓடும் நேரத்தில் அதை விடுவிப்பது எளிதன்று.

பன்றிகள் உடலால் நீளமானவை, கோழியளவு பதற்றம் தருவதில்லை. 150 மீட்டரில் நிற்கும் வான்கோழிதான் கடினமானது. அதன் நீண்ட கழுத்தும் மெல்லிய கால்களும் வெற்றிடத்தையே மிகுதியாகத் தருகின்றன. உடல் என்று சொல்லத்தக்க பகுதி சிறியது. அங்கே பெரியவர் சொன்ன சொற்கள் பெரும்பாலும் “கழுத்துக்குப் பக்கத்தில்”, “கால்களுக்கு நடுவில்” என்பவையாகவே இருந்தன. ஆனால் என் சொல்லும் அவர் சொல்லும் ஒத்துப்போகத் தொடங்கியிருந்தன. விழுந்த எண்ணிக்கையைவிட இந்த ஒத்திசைவே முதல் போட்டியில் முன்னேற்றத்தின் அளவுகோல் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கிடாய்களுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தரையிலிருந்து எழும் கானல், இலக்கின் விளிம்பை நெளியச் செய்தது. அந்த நெளிவு எந்தப் பக்கம் ஓடுகிறதோ காற்றும் அந்தப் பக்கமே ஓடுகிறது என்பதால், ஸ்பாட்டரின் தொலைநோக்கி காற்றுமானியாகவும் ஆகிவிடுகிறது. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, .30-30 குண்டை 200 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சாண் தள்ளிவிடும். பெரியவர் குறிவைப்பதைப் பற்றி யோசனை சொல்வதில்லை என்ற உடன்பாட்டைக் காத்தவர். ஆயினும் காற்று மாறியதும் “வலப்பக்கம் ஓடுகிறது”, “நின்றுவிட்டது” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நின்ற கணத்துக்காகக் காத்திருந்து சுட்டது எனக்குப் பலன் தந்தது.

200 மீட்டரில் விசை அழுத்தியதற்கும் இரும்பின் ஒலி காதுக்கு எட்டுவதற்கும் இடையே ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது: குண்டு போய்ச் சேர மூன்றில் ஒரு பங்கு நொடி, ஒலி திரும்பி வர அரை நொடிக்குச் சற்று மேல். அந்த இடைவெளியில் முன்முனையைப் பார்த்தபடி நின்று, கண்டதைச் சொல்லி முடிக்க நேரம் இருக்கிறது. கிடாய் இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு. தோளிலோ முதுகை ஒட்டியோ பட்டால் சாய்ந்து விழும். காலின் அடியில் பட்டால் ஓசை எழுப்பிவிட்டு அசையாமல் நிற்கும். கோழிக்கு உதைப்பு குறைவான மென்தோட்டாவைப் பயன்படுத்துவோர் பலர் இருந்தாலும், கிடாய்க்கு முழு வலுவுள்ள தோட்டாவையே வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் விழுந்த உருவங்களை எல்லாரும் சேர்ந்து நடந்துபோய் நிறுத்தி, கறுப்பு வண்ணம் தெளிக்கிறார்கள். இதில் புதியவர் ஒதுங்கி நிற்கக் கூடாது. குண்டு பட்ட தழும்புகளை அருகில் பார்ப்பதே ஒரு பாடம்; தொலைநோக்கியில் பெரியவர் கண்டது எது என்பது அங்கே விளங்குகிறது. தடித்த கையுறை கட்டாயம் வேண்டும், ஏனெனில் குண்டு பட்ட விளிம்புகள் கூரானவை. அரிசோனாவில் இரும்புத் தாங்கியின் நிழலில் கிலுகிலுப்பைப் பாம்பு படுத்திருக்கக் கூடும் என்பதால், கையை விடுமுன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஈயத்தூள் கையில் ஒட்டியிருக்கும். கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது, வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் சுடுதளத்துச் செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

எடுத்துச் செல்ல வேண்டியவற்றில் கண்ணாடியும் காதுக்காப்பும் விட்டுக்கொடுக்க முடியாதவை. விளிம்புள்ள தொப்பியும் கழுத்துப் பட்டையுள்ள சட்டையும் பக்கத்து ரைஃபிளிலிருந்து பறந்து வரும் சூடான வெற்றுத் தோட்டாவிடமிருந்து காக்கும். நாற்பது குண்டுகள் கொண்ட போட்டிக்கு அறுபது தோட்டாக்கள் இருப்பது நலம். தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் அந்த வெயிலுக்கு மிகுதியாகாது.

என் கணக்கில் விழுந்தவை மூன்றில் ஒரு பங்கை ஒட்டியிருந்தன. போட்டியாளர்களைத் தேர்ச்சிக்கேற்பப் பல வகுப்புகளாகப் பிரித்து வைப்பதால், புதியவர் புதியவரோடுதான் ஒப்பிடப்படுகிறார். தேர்ந்தவரின் எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. அன்று வீடு திரும்பியதும் ரைஃபிளைத் துடைப்பதற்கு முன் செய்த வேலை, ஒவ்வொரு குண்டுக்கும் நான் சொன்னதையும் ஸ்பாட்டர் சொன்னதையும் இரு பத்திகளாக நோட்டுப் புத்தகத்தில் எழுதியது. பெரியவரே ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சுருக்கமாகக் குறித்துத் தந்திருந்ததால் அது இயன்றது. எழுதி முடித்துப் பார்த்தபோது, தவறிய குண்டுகளில் பெரும்பாலானவை வலப்பக்கம் தாழ்ந்து போயிருந்தன. அவற்றைப் பற்றி நான் சொன்னதும் அதுவேதான். ஆகவே திருகில் கைவைக்கவில்லை. இப்போது மாலைதோறும், தோட்டாக்களை வேறோர் அறையில் பூட்டிவிட்டு, ரைஃபிளின் தோட்டா அறை காலி என்பதை இருமுறை பார்த்து, போலித் தோட்டாவை இட்டு, சுவரில் ஒட்டிய சிறு கோழி உருவத்தை நோக்கி விசையை மட்டும் அழுத்திப் பழகுகிறேன். ரைஃபிளின் சுத்தியல் விழும் கணத்தில் முன்முனை எங்கே இருந்தது என்பதை அப்போதும் வாய்விட்டுச் சொல்கிறேன்.